ஞாயிற்றுக்கிழமை இருமல்

பல் டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அவரைவிட வயது அதிகம். இரண்டே சீட்டு, திறந்த கூரை, திமிர் பிடித்த சத்தம். ஆனால் அரை மணி நேரம் ஓடி எஞ்சின் சூடேறிவிட்டால் மிஸ்ஸிங் அடிக்கும். இரண்டு தடவை இருமும், ஒரு குலுங்கு குலுங்கும், பாலத்தடியில் நின்றுவிடும். ஆறவிட்டுத் திருப்பினால் ஒரு தும்மல்கூட இல்லாமல் வீடு வந்து சேரும்.

டாக்டருக்கோ இந்த வியாதி ஒரு வரம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சகலை வீடு இருந்தது. மனைவியுடைய அக்காவின் புருஷன். ஞாயிறுதோறும் சாப்பிடக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு, சோற்றில் கை வைக்க விடாமல் தன் ரத்தப் பரிசோதனை முடிவை வாசிப்பார். சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு. அது முடிந்தால் குளியலறையில் பதித்த புது டைல்ஸைக் காட்டுவார். அட, ஒரு மனுஷன் எத்தனை டைல்ஸைத்தான் பார்ப்பான்? ஊரார் சொத்தைப் பல்லையெல்லாம் பிடுங்குகிற டாக்டர், இந்த ஒரு சொத்தையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். மனைவிதான் போனில், "என்னக்கா பண்றது, வண்டி இப்படி மானத்த வாங்குது" என்று பெருமூச்சு விடுவாள். அதைக் கேட்கும்போது அவருக்குக் கொஞ்சம் உறுத்தும்.

சகலை சும்மா இருப்பாரா? மச்சானை அனுப்பிவைத்தார். மனைவியின் தம்பி, ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், எமகாதகன்.

"மாமா, சூடானாதான மிஸ்ஸிங் வருது? அப்ப ஒவ்வொண்ணா சூடாக்கிப் பாத்துர வேண்டியதுதான்."

"அதெல்லாம் வேணாம் மச்சான். பெட்ரோல் ஆவியாகுது, அவ்வளவுதான். பழைய வண்டின்னா அப்படித்தான்."

"நீங்க பல்லப் பாருங்க, இத நான் பாக்குறேன். அக்கா, உன் ஹேர் டிரையரக் குடு."

மகராசி ஓடிப்போய் எடுத்து வந்தாள். பக்கத்திலேயே நின்று வேடிக்கை வேறு பார்த்தாள். பெட்ரோல் குழாய்க்குச் சூடு காட்டினான், எஞ்சின் பாட்டுக்கு ஓடியது. கார்புரேட்டருக்குக் காட்டினான், அசரவில்லை. டாக்டருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிளக்குக்கு மின்சாரம் ஏற்றிவிடும் காயிலுக்குக் காட்டியதுதான் தாமதம், எஞ்சின் லொக்கு லொக்கென்று இருமி நின்றது.

"திருடன் மாட்டிக்கிட்டான்!" என்று மச்சான் குதித்தான். அப்போதே புதுக் காயிலை மாட்டினான்.

"இவ்வளவுதானாடா வேலை?" என்றாள் மனைவி. "பழச இங்க குடு, குப்பையில நான் போட்டுக்கிறேன்."

ஞாயிறு வந்தது. டாக்டர் தூக்குமேடைக்குப் போகிற முகத்தோடு வண்டியை ஓட்டினார். மாடிப்படிக்கும் டைல்ஸ் போட்டாயிற்று என்று சகலை காலையிலேயே போன் பண்ணியிருந்தார். பாலம் நெருங்கியது. இந்தப் புதுக் காயில் நாசமாய்ப் போக என்று டாக்டர் மனதாரச் சபித்தார். வண்டி இருமியது. குலுங்கியது. பாலத்தடியில் நின்றேவிட்டது.

"ஐயையோ, நான் ஒண்ணும் பண்ணலம்மா, சத்தியமா!"

"நீங்க எங்க பண்ணப் போறீங்க? உங்களுக்கு ஏது அவ்வளவு தைரியம்?"

மனைவி கைப்பையிலிருந்து பிளாஸ்க்கையும் இரண்டு தம்ளரையும் எடுத்தாள். அவள் நகக்கண்களில் கிரீஸ் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"அக்காவுக்கு இன்னைக்கு நீங்களே போன் பண்ணுங்க" என்றாள். "மானம் போகுதுன்னு பெருமூச்சு விட்டுச் சொல்லணும். என்னால இதுக்கு மேல சிரிப்ப அடக்க முடியாது."