சந்திரிகாவின் இரண்டாயிரம் பங்குகள்

வருஷத்தில் பதினோரு மாதம் ஹெப்சிக்குச் சந்திரிகாவைப் பிடிக்கும். செப்டம்பரில் மட்டும் பிடிக்காது. கம்பெனியின் பங்குதாரர் கூட்டம் செப்டம்பரில்தான் நடக்கும்.

இருவருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரே இடத்தில் வேலை. பஸ், லாரிகளின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் செய்கிற கம்பெனி. ஹெப்சி அக்கவுண்ட்ஸ் மேனேஜர். தாம்பரத்தில் ரயில் ஏறுவாள். சந்திரிகா ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்பவள், ஊரப்பாக்கத்தில் ஏறுவாள். ஹெப்சி பிடித்து வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்ததும் டப்பாவைத் திறந்து முதல் இட்லியை அவளுக்குத்தான் நீட்டுவாள்.

2009இல் ஆர்டர் இல்லாமல் கம்பெனி படுத்துக் கிடந்தது. முதலாளி யக்ஞநாராயணன் ஊழியர்களைக் கூப்பிட்டார். இரண்டு வருஷ போனஸ் பாக்கி இருபதாயிரத்தைத் தவணையில் பணமாக வாங்கிக்கொள்ளலாம், வேண்டுமானால் பத்து ரூபாய் வீதம் கம்பெனிப் பங்காக எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஹெப்சி பணத்தை வாங்கிக்கொண்டாள். அந்த வருஷத்து நஷ்டத்தைக் கணக்கில் எழுதியவளே அவள்தான். தெரிந்தே யார் குழியில் விழுவார்கள்? சந்திரிகாவோ, "அவர் கைல எங்க கீது பணம், பாவம்" என்று இரண்டாயிரம் பங்கை வாங்கிக்கொண்டாள். அவளைப் போல இன்னும் பத்துப் பேர்.

கம்பெனி எழுந்து நின்றுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு செப்டம்பரிலும் சந்திரிகா அரக்குப் பட்டில் வருவாள். ஃபேனுக்குக் கீழே முதல் வரிசை நாற்காலியில், முதலாளியின் உறவுக்காரர்களோடு உட்காருவாள். அவள் மடியில் ஆண்டறிக்கைப் புத்தகத்தை வைப்பது ஹெப்சியின் வேலை. பங்கு லாபம் நாலாயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் அதை அவள் கணக்குக்கு அனுப்பும்போதெல்லாம் ஹெப்சிக்கு ஒரே கேள்விதான். படித்தது நான், பங்கு அவளுக்கா?

பதின்மூன்றாம் வருஷம் கூட்டத்துக்கு முன்பாக, முதலாளியின் மகன் பிரசன்னா ஹெப்சியைக் கூப்பிட்டான். ஊழியர்கள் கையில் இருக்கும் பங்குகளைத் தானே வாங்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். "நாப்பத்தஞ்சு ரூபான்னு லெட்டர் போடுங்க மேடம். போட்டதுக்கு நாலரை மடங்கு. சந்தோஷமா குடுத்துடுவாங்க."

கணக்குப் புத்தகப்படி ஒரு பங்கின் மதிப்பு முந்நூறு என்று ஹெப்சிக்குத் தெரியும். அதைக் கணக்குப் போட்டுச் சொல்வது நம் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்புக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: சந்திரிகா தொண்ணூறாயிரத்தோடு போகட்டும். பதினோரு கடிதங்களையும் அவளே டைப் செய்தாள்.

மறுவாரம் ரயிலில் சந்திரிகா கடிதத்தை எடுத்துக் காட்டினாள்.

"கையெழுத்து போட்டுடலாம்னு கீறேன் ஹெப்சி. நல்ல விலைதான?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹெப்சி வாயைத் திறப்பதற்குள் சந்திரிகாவே தொடர்ந்தாள். "இருந்தாலும் மனசு வரல பா. மெஷின் ஷாப்புக்குள்ள போறப்பல்லாம் அந்தப் பெரிய பிரஸ்ஸ பாத்து, இதுல ஒரு போல்ட்டாவது என்னுதுன்னு நெனச்சுக்குவேன். நானும் ஒரு ஓனரம்மாதான?"

அந்த ஓனரம்மா என்ற சொல் ஹெப்சிக்கு முள்ளாகக் குத்தியது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஒரு போல்ட்டும் உன்னுது இல்ல, சந்திரிகா. மெஷின், கட்டடம், நிலம், உன் ஸ்டோர்ஸ் சரக்கு, நமக்கு வர வேண்டிய பணம், எல்லாம் சேத்தா நாப்பது கோடி. அதுல பதினாறு கோடிக்கு பேங்க்காரன் முன்னால நிக்கறான். சப்ளையர், டாக்ஸ், நம்ம கிராஜுவிட்டின்னு இன்னொரு ஒம்பது கோடி. இவங்கல்லாம் எடுத்துட்டுப் போனப்புறம் மிச்சம் மீதி இருந்தாதான் பங்குக்காரங்களுக்கு. அந்த மிச்சத்துக்குப் பேர்தான் ஈக்விட்டி. க்யூல கடைசி ஆள் நீங்க."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. சந்திரிகாவின் முகம் சுருங்கியதைக்கூட அவள் ரசித்தாள். ரயில் பொத்தேரியில் நின்று, கல்லூரிப் பெண்கள் இறங்கிப் பெட்டி பாதி காலியானது.

"மிச்சம் எவ்ளோ வருது?" என்று கேட்டாள் சந்திரிகா.

கேட்டால் எண்ணைச் சொல்லிப் பழகிய வாய். "பதினஞ்சு கோடி."

"நாங்கல்லாம் போட்டது?"

"எல்லாரும் சேந்து அம்பது லட்சம். பத்து ரூபா வீதம் அஞ்சு லட்சம் ஷேர்."

"மீதி பதினாலரை கோடி எங்கேர்ந்து வந்துது?"

"லாபம். வருஷா வருஷம் பிரிச்சுக் குடுக்காம கம்பெனிலயே நிறுத்தி வெச்சது."

"யாருக்குப் பிரிச்சுக் குடுக்காம?"

சந்திரிகா கடிதத்தின் ஓரத்தில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டோர்ஸில் இருப்பவளுக்கு வகுத்தல் வாயிலேயே வரும்.

"பதினஞ்சு கோடிய அஞ்சு லட்சத்தால வகுத்தா முந்நூறு. அப்போ நாப்பத்தஞ்சுன்னு இன்னாத்துக்கு எழுதிக்கீறாங்க?"

"அது புத்தகத்துல இருக்கற மதிப்பு பா. வித்தா அவ்ளோ வரும்னு சொல்ல முடியாது. பழைய மெஷின யார் வாங்குவா?"

"பழசு விலை போவாதுன்னு எனக்குத் தெரியாதா? நிலத்த எவ்ளோன்னு எழுதி வெச்சிருக்க?"

"வாங்கின விலை. தொண்ணூத்தி நாலுல வாங்கினது. பதினோரு லட்சம்."

சந்திரிகா சிரித்துவிட்டாள். ஊரப்பாக்கத்தில் அவள் குடும்பம் ஏர் ஓட்டிய நிலமெல்லாம் இன்று மனைகள். ஜிஎஸ்டி நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஏக்கர் என்ன விலை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். "ரெண்டரை ஏக்கரு, பதினோரு லட்சமா?" என்றாள். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஹெப்சி ஜன்னல் பக்கம் திரும்பினாள். நிலத்தை வாங்கின விலையில் வைத்தே முந்நூறு என்றால் நிஜம் எவ்வளவு? அன்று பகல் முழுக்க ஒரு வவுச்சரும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் பதினோரு பேரும் சேர்ந்து பிரசன்னாவின் அறைக்குப் போனார்கள். கதவு மூடியிருந்தது. ஹெப்சி வெளியே உட்கார்ந்திருந்தாள். யார் சொல்லித்தந்தது என்று அவன் கேட்டதும், சந்திரிகா சொன்ன பதிலும் மட்டும் காதில் விழுந்தன.

"யார் சொல்லணும் சார்? வருஷா வருஷம் வூட்டுக்கு புக்கு அனுப்புறீங்க. அதுலதான் எழுதியிருக்குது."

பேரம் இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில் முந்நூற்றுப் பத்து என்று முடிந்தது. பத்துப் பேர் மொத்தமும் விற்றார்கள். சந்திரிகா ஆயிரத்தை விற்று ஆயிரத்தை வைத்துக்கொண்டாள். மூன்று லட்சத்துப் பத்தாயிரத்தை அவள் கணக்குக்கு அனுப்பியதும் ஹெப்சிதான்.

அன்று சாயங்காலம் ரயிலில் சந்திரிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் சொல்லலைன்னா போட்டிருப்பேன் கையெழுத்து. உன் வேலைக்கே ஆபத்துன்னு தெரிஞ்சும் சொன்ன பாரு."

ஹெப்சியால் அதைத் தாங்க முடியவில்லை. "உனக்காகச் சொல்லல. ஓனரம்மான்னு சொன்னியே, அந்த வயித்தெரிச்சல்ல சொன்னேன். உன்ன மட்டம் தட்டத்தான். அந்த லெட்டர டைப் பண்ணினதும் நான்தான்."

சந்திரிகா கையை எடுத்துக்கொண்டாள். ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "லெட்டர் விஷயம் எனக்குத் தெரியாது. வயித்தெரிச்சல் தெரியும். புக்க மடில வெக்கறப்போ ஒரு நாளாவது என் மூஞ்சியப் பாத்திருக்கியா?" பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எந்த எரிச்சல்ல சொன்னா இன்னா, கணக்கு சரியா இருந்துச்சு" என்றாள்.

ஊரப்பாக்கம் வந்தது. அவள் எழுந்தபோது ஹெப்சி கேட்டுவிட்டாள். "உன்கிட்ட இருக்கறதுல எனக்கு ஒரு நூறு தருவியா?"

"முந்நூத்திப் பத்து. ஒத்த ரூபா குறைக்க மாட்டேன்," என்று சொல்லி இறங்கிப் போனாள்.

பங்கு கைமாற இயக்குநர்கள் ஒப்புதல் வேண்டும். அந்தக் கூட்டத்தில் பிரசன்னா முகத்தைச் சுளித்தான். பெரியவர் யக்ஞநாராயணன் சரி என்றார். ஹெப்சி முப்பத்தோராயிரம் கொடுத்தாள். பங்குதாரர் பதிவேட்டில் சந்திரிகா, 900 என்று திருத்திவிட்டு, அதற்குக் கீழே ஹெப்சி, 100 என்று தன் கையாலேயே எழுதினாள். மை காய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். கண் திரும்பத் திரும்ப மேல் வரிக்குத்தான் போயிற்று.