நிற்க ஒரு பலகை

தேங்காப்பட்டணம் கடப்புறத்தில் கட்டுமரம் தள்ளுகிறவர்கள் எல்லோரும் முழங்காலில் முட்டுக்குத்தி இருந்துதான் துழாவுவார்கள். பீர்கண்ணு ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டே போவான். கரையை விட்டு எழும்பினான் என்றால் தூண்டில் போடுகிற இடம் வருகிறவரைக்கும் உட்காரமாட்டான். பிளந்த மூங்கில்தான் துடுப்பு. அதை வலத்துக்கும் இடத்துக்கும் மாற்றி மாற்றிப் போட்டு, முழங்காலை லேசாக மடக்கி, கடல் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி அவன் போவதைக் கரையில் நிற்கிறவர்கள் கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள். சிலபேர் திமிர் என்றார்கள்.

"இருந்தா தண்ணிக்க தோலுதான் தெரியும். நின்னா உள்ள ஓடுகதும் தெரியும்," என்பான் அவன்.

அது பாதிதான் உண்மை. மீனைப் பார்ப்பதற்காக மட்டும் அவன் நிற்கவில்லை. நிற்பது அவனுக்குச் சுகமாக இருந்தது.

அவனுக்கு மரம் மூன்று. மூன்றையும் செதுக்கிக் கொடுத்தவன் இஸ்ரவேல். ஆற்றுக்கு அக்கரையில் தச்சுவேலை பார்க்கிறவன். சிறுவயதிலிருந்தே ஒன்றாக ஆற்றில் குதித்தவர்கள் இரண்டுபேரும். ஒருத்தனுக்கு எதற்கு மூன்று மரம் என்று கல்யாணமான புதிதில் சைனப் பீவி கேட்டாள்.

"நீ சோறு பொங்குகதும் மீன்கறி வைக்கதும் ஒரே சட்டியிலயா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தான்.

கடலுக்குப் போகிற மரம் மலைவேம்பில் செய்தது. நீளம், ஒடுக்கம், மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். மடிந்து விழுகிற அலைத்திரையில் மூக்குக் குத்தாமல் ஏறிவிடும். ஆனால் அதை ஆற்றில் விட்டால் திருப்புவதற்குள் கரை முட்டிவிடும். பொழிமுகத்தில், ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகிற இடத்தில், அலை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்லமுடியாது. அங்கே கொண்டுபோவது குட்டை மரம். பின்பக்கம் கனம், காலை அழுத்தினால் நின்ற இடத்தில் திரும்பும். மூன்றாவது இலவமரத்தில் அறுத்த ஒற்றைப் பலகை. அகலமானது, பஞ்சுபோல லேசானது. வெள்ளம் வரும் மாதங்களில் அதைத் தொடவே கூடாது, இழுத்துக்கொண்டு போய்விடும். ஆறு தெளிந்து அடங்கிக் கிடக்கும் நாட்களில் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, தூண்டிலும் இல்லாமல் வலையும் இல்லாமல், அந்தப் பலகையில் ஏறி நின்று தென்னைமர நிழல் வழியே சும்மா மேலே போய்விட்டு வருவான். உழைக்கிறவன் சும்மா போவதைப் பார்த்து ஊர் சிரித்தது. அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சுகம் கடலிலிருந்து திரும்புகிறபோது கிடைப்பது. பின்னால் திரை எழும்பும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்கமாட்டான். மரத்தின் பின்பகுதி தூக்குவது உள்ளங்காலில் தெரியும், அப்போது துடுப்பை ஒரே போடு. பிறகு துடுப்புக்கு வேலையில்லை. வெள்ளை நுரையின் தலைமேல் நின்றபடி கரைவரைக்கும் வந்து, மணலில் மரம் உரசுகிறபோது நடந்து இறங்குவதுபோல இறங்குவான். சைனப் பீவி கவணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தென்னைக்குப் பின்னால் நின்று அதைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும், "இந்த வித்தையெல்லாம் எதுக்கு? விழுந்து தொலைஞ்சா நான் எங்க போவேன்," என்று திட்டுவாள்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகிக் கொஞ்சகாலம் ஆகியிருந்தது. அந்த மழைக்காலத்தில் பீர்கண்ணுவுக்கு இருமல் பிடித்தது. வைத்தியர் கொடுத்த கஷாயம் கேட்கவில்லை. ஒருநாள் மரத்தின்மேல் நின்று இருமியபோது துப்பினதில் இரத்தம் கிடந்தது. தண்ணீரில் விழுந்து கலங்கிப் போனதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கரைக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சைனப் பீவி தலையணை உறையைத் துவைக்கிறபோது தெரிந்துகொண்டாள்.

சயரோகம். அந்தப் பேரைச் சொன்னாலே பக்கத்துவீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துகிற காலம். அவனுடைய வாப்பா அந்தத் தீனத்தில்தான் போனார். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது, போட்டவர்கள் பிழைத்து எழும்புகிறார்கள் என்று இஸ்ரவேல் விசாரித்துவந்து சொன்னான். சைனப் பீவி காதில் கிடந்த அலுக்கத்தைக் கழற்றிக் கொடுத்தாள். இஸ்ரவேலே கூடப் போய்ச் சேர்த்தான்.

டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. "இந்த மருந்து சில ஆளுகளுக்குக் காதைக் கெடுக்கும். நிச்சயமா கெடுக்கும்னு சொல்லல்ல. போடலேன்னா நெஞ்சு தாங்காது."

"காது கொஞ்சம் மந்தமானா மந்தமாவட்டு," என்றான் பீர்கண்ணு. "போடுங்க சார்."

வேறென்ன சொல்லமுடியும்.

தினமும் ஊசி. மாதங்கள் போயின. இருமல் நின்றது, காய்ச்சல் விட்டது, சோறு இறங்கியது. காதுக்குள் சீவிடு கத்துவதுபோல ஒரு சத்தம் தொடங்கியது. கட்டிலை விட்டு எழும்பினால் சுவர் நகர்ந்தது. படுத்தே கிடந்தவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். பீர்கண்ணுவும் அப்படித்தான் நினைத்தான்.

ஊருக்கு வந்தபோது கன்னம் வைத்து, நிறம் வைத்து வந்தான். சனங்கள் வந்து பார்த்துவிட்டு அல்லாவுக்கு நன்றி சொன்னார்கள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்த தூரத்திலேயே அவனுக்கு ஒன்று தெரிந்தது. அவன் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் எதிரே நின்ற தென்னைகள் குதித்தன. நின்றால் அவையும் நின்றன. அந்தி மயங்கியபிறகு முற்றத்துக்கு இறங்கினால் தரை எங்கே இருக்கிறது என்று கால் தேடியது. பள்ளிவாசலில் நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்பும்போது பக்கத்திலிருந்த மீரான்பிள்ளையின் மேல் சரிந்தான். அதற்குப்பிறகு சுவரோரத்தில் நின்று தொழத் தொடங்கினான்.

"பலவீனம்தான்," என்றாள் சைனப் பீவி. முட்டையும் ஆட்டுக்கால் சூப்புமாகக் கொடுத்தாள்.

கடல் அமைதியாகக் கிடந்த ஒரு காலையில் மலைவேம்பு மரத்தைத் தள்ளினான். இஸ்ரவேல் கரையில் நின்றான். முதல் திரையை முட்டுக்குத்தியே தாண்டினான். பிறகு எழும்பினான். நிமிர்ந்து முடிப்பதற்குள் வானமும் தண்ணீரும் ஒரு பக்கமாகச் சாய, விழுந்தான். ஏறினான், விழுந்தான். திரையே இல்லாத இடத்தில் விழுகிறவனைக் கரையில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. சிரிக்க வந்தவர்கள் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கடல் வேண்டாம் மக்கா, இப்பம் வேண்டாம்," என்றான் இஸ்ரவேல். "ஆத்துல தொடங்கு. பைய பைய வரும்."

பொழிமுகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. குட்டை மரத்தில் ஏறுவது என்றால் அலை வரும் பக்கத்தைக் காது பிடித்ததும் உள்ளங்கால் அழுத்தவேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. இலவம்பலகையை ஆற்றில் இறக்கினார்கள். தென்னையின் நிழல் அசையாமல் கிடந்த தண்ணீர். அதிலும் விழுந்தான்.

விழுந்து விழுந்து எழும்பியதில் பீர்கண்ணுவுக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீருக்குத் தக்கபடி பலகை என்றுதானே இத்தனை காலம் ஓடினோம், இப்போது எனக்குத் தக்கபடி ஒன்று செய்தால் என்ன?

"இதைவிட அகலமா ஒண்ணு செதுக்குவியா?" என்று கேட்டான்.

"எவ்வளவு அகலம்?"

"கட்டில் அகலம்."

இஸ்ரவேல் அன்றைக்கே மரம் தேடிப்போனான். இரண்டு முருக்கு மரத்தைச் சேர்த்து, அடியில் குறுக்குச் சட்டம் வைத்து, வழுக்காமலிருக்க மேலே உளியால் கொத்திவிட்டு, வேறு வேலையெல்லாம் தள்ளிவைத்துச் செய்தான். அதைத் தண்ணீரில் விட்டபோது நான்கு கோழி ஏறி நடந்தாலும் அசையாதுபோல இருந்தது. கால்வாய்க்குக் கொண்டுபோனார்கள். கயிற்றுக்குத் தேங்காய்க் கதம்பல் ஊறப்போடுகிற இடம், ஆகையால் தண்ணீர் கறுத்து, வாடையடித்துக் கிடக்கும். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைவிட அசையாத, அனங்காத தண்ணீர் கிடையாது. உச்சி வெயில், காற்று இல்லை.

பீர்கண்ணு எழும்பினான். அக்கரையில் ஒற்றையாக நின்ற ஒரு பனையின் உச்சியில் கண்ணைக் குத்திவைத்துக்கொண்டான். பலகை அசையவில்லை. அவனும் அசையவில்லை. துடுப்பை மெல்ல விட்டான். பலகை ஓடியது. இன்னொரு தடவை விட்டான். தண்ணீர் இரண்டு பக்கமும் விலகுகிற சத்தம் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, காலுக்குத் தெரிந்தது. கண்ணைப் பனையிலிருந்து எடுக்காமலே சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு அவன் அப்படிச் சிரித்து இஸ்ரவேல் பார்க்கவில்லை.

"நிக்குதேன் பாத்தியா," என்றான்.

"பாத்தேன், பாத்தேன். பனையைப் பாரு."

அப்போது வளைவில் கதம்பல் ஏற்றின வள்ளம் ஒன்று வந்தது. கழி ஊன்றி வந்தவர் தெரிந்த ஆள். "பீர்கண்ணு காக்கா, சொகந்தானா?" என்று அண்ணன் முறை சொல்லிப் பிரியமாகக் கூப்பிட்டார். பீர்கண்ணு குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான்.

தண்ணீர் கழுத்தளவுகூட இல்லாத இடம் அது. விழுந்தவன் எழும்பவில்லை. இஸ்ரவேல் கொஞ்சநேரம் காத்திருந்தான். மீன்போல நீந்துகிறவனாயிற்றே என்ற நினைப்பு. பிறகுதான் கறுத்த தண்ணீருக்குள்ளிருந்து சேறு கிளம்பி வருவதைப் பார்த்தான். குதித்துக் கையால் துழாவினான். பீர்கண்ணு கீழ்நோக்கி நீந்திக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தான். முடியைப் பிடித்து இழுத்தபோது வர மறுத்து உதைத்தான்.

கரையில் போட்டுச் சேற்றை வழித்ததும் அவன் சொன்னான்: "மேல வாறேன்னுதான் நெனச்சேன். எது மேலன்னு தெரியல்ல மக்கா."

வள்ளக்காரர் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

நாகர்கோவிலுக்குத் திரும்பப் போனார்கள். இந்தமுறை சைனப் பீவியும் போனாள். டாக்டர் அவனை இரண்டு பாதத்தையும் சேர்த்துவைத்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். மூடினதும் சாய்ந்தான். தயாராக நின்ற டாக்டர் பிடித்துக்கொண்டார்.

"காதுக்குள்ள ஒரு நரம்பு உண்டு. ஒடம்பு நேரா நிக்குதா, சரிஞ்சு நிக்குதான்னு மூளைக்குச் சொல்லுகது அதுதான். மருந்து அதைக் கரிச்சுப்போட்டுது. இப்பம் நீங்க கண்ணை வச்சுத்தான் நிக்கியோ. வெளிச்சத்துல, கெட்டியான தரையில நடக்கலாம். நெஞ்சு முழுசும் சொகமாச்சு. அதுல சந்தேகமில்ல."

"திரும்ப வருமா சார்?" என்று கேட்டது சைனப் பீவி.

"வராது அம்மா."

பீர்கண்ணு, "பலகையை இன்னும் அகலம் வச்சா?" என்று கேட்டான்.

டாக்டருக்கு அவன் எந்தப் பலகையைச் சொல்கிறான் என்று விளங்கவில்லை. இஸ்ரவேல் விளக்கிச் சொன்னான். அவர் முழுவதையும் கேட்டார். "தண்ணிப் பக்கமே போகாதீங்க," என்றார். "குளத்துல முங்கிக் குளிக்கதும் வேண்டாம்."

பஸ் குழித்துறைப் பாலம் தாண்டும்போது ஆறு தெரிந்தது. பீர்கண்ணு கண்ணை மூடினான், உடனே பயந்து திறந்துகொண்டான்.

கயிறு முதலாளி ஒருவர் அவனைக் கதம்பல் அடிக்க வைத்துக்கொண்டார். பெண்கள் செய்கிற வேலை. உட்கார்ந்தபடி செய்யலாம். முதலில் கூசியது, பிறகு கூசுவதற்கும் சக்தியில்லாமல் போயிற்று. கூலி அரிசிக்குக் காணும். அகலப் பலகையை இஸ்ரவேலே பிரித்து எடுத்துக்கொண்டு போனான். அதை என்ன செய்தான் என்று பீர்கண்ணு கேட்கவில்லை. குட்டை மரத்தையும் இலவம்பலகையையும் ஆளுக்கொருவர் கொண்டுபோனார்கள். கடல் மரம் மட்டும் ஓலைக்கீழ் கிடந்தது. கிடந்தால் கறையான் ஏறும் என்பதால் அதையும் குளச்சலிலிருந்து வந்த சேக் முகம்மது என்கிற வாலிபனுக்குக் கொடுத்தான்.

அவன் கொண்டுபோகிற அன்று சாயங்காலம் பீர்கண்ணு கடப்புறம்வரை கூடப்போனான். சைனப் பீவியும் கொஞ்சம் பின்னால் வந்தாள்.

"நின்னுதான் போவணும்னு இல்ல," என்று அந்த வாலிபனுக்குச் சொன்னான். "நிக்கணும்னு தோணினா, மூணாவது திரை தாண்டினபொறவு நில்லு. காலைப் பாக்காத. ஆடி மாசம் இதை எறக்காத, மூக்கு தாங்கும், கயித்துக் கெட்டு தாங்காது. நாலு நாள் ஓட்டினா ஒருநாள் வெயில்ல காயப்போடு."

"சரி காக்கா," என்றான் சேக் முகம்மது. அவனுக்குக் கிளம்புகிற அவசரம்.

மரம் திரைகளைத் தாண்டியது. வெளியே போனதும் அந்த வாலிபன் தட்டுத்தடுமாறி எழும்பி நிற்பது தெரிந்தது. பீர்கண்ணு பார்த்தான். ஆனால் கடல் ஏறி இறங்க, வானவிளிம்பும் அவனும் மரமும் ஒன்றாகக் குதிக்கத் தொடங்கின. ஆளை ஓர் இடத்தில் பிடித்துவைத்துப் பார்க்க முடியவில்லை. கண் சலித்து, வாயில் உமிழ்நீர் ஊற, மணலில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டான்.

சைனப் பீவி வந்து நின்றாள். "போவோமா? இருட்டப் போவுது," என்றாள்.

"நிக்கானா?" என்று கேட்டான் அவன்.

அவள் கடலைப் பார்த்தாள். "நிக்கான்."

"நல்லா நிக்கானா?"

"விழுந்துட்டான். இன்னா, திரும்ப ஏறுகான்."

இன்னும் கொஞ்சம் இருந்தால் வெளிச்சம் போய்விடும், வெளிச்சம் போனால் மணலில் அவனை நடத்திக் கூட்டிப்போவது பெரும்பாடு என்று அவளுக்குத் தெரியும். கையை நீட்டினாள். கடப்புறத்தில் நான்குபேர் பார்க்க அவள் அவன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவனும் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தரையிலேயே வைத்தபடி, மெல்ல மெல்ல எழும்பினான்.