ஆறு கிழமைத் தவணை

டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் இருந்த தமிழருக்குள் வீட்டிலே பியர் காய்ச்சுகிற ஒரே ஆள் குகநேசன்தான். மற்றவர்கள் கடையில் வாங்கினார்கள், அல்லது தாங்கள் தொடுவதேயில்லை என்று சொல்லிக்கொண்டு வாங்கினார்கள். குகநேசனுக்குத் துணி ஆலையில் வேலை. பக்கத்து இயந்திரத்தில் நின்ற பவுல் என்ற டேனிஷ்காரன், சும்மா இருக்கிற நேரத்துக்கு உதவும் என்று ஒரு பழைய வாளியையும் மூடியையும் கொடுத்ததில் தொற்றிக்கொண்ட பழக்கம் அது. எண்பத்தேழாம் ஆண்டு ஆவணியில் குகநேசனிடம் சும்மா இருக்கிற நேரம் மலிந்து கிடந்தது. மனைவியைக் கூப்பிட மனுப் போட்டிருந்தான். பதில் வரவேண்டியிருந்தது.

பதில் வருகிற பாட்டைக் காணவில்லை. தமிழருடைய மனுக்களை எடுக்காமல் ஒரு பக்கமாக வைக்கும்படி மேலிடம் சொல்லியிருந்தது என்பதெல்லாம் பிறகு வெளியே வந்து நாட்டையே கலக்கிய கதை. அன்றைக்கு அவனுக்கு அது தெரியாது. குடிவரவுக் கந்தோருக்கு எழுதினால், உமது விடயம் பரிசீலனையில் உள்ளது என்று அச்சடித்த தாள் ஒன்று வரும். அவன் அதை வாசித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, வாளியைக் கழுவுவான்.

விமலராணி வந்து சேர்ந்தது எண்பத்தொன்பது புரட்டாதியில். பில்லுண்ட் விமான நிலையத்தில் அவளைக் கண்டபோது அவனுக்கு முதலில் அடையாளம் பிடிபடவில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கலியாணம் கட்டிச் சேர்ந்திருந்தது ஐந்து மாதம், பிரிந்திருந்தது மூன்று வருடத்துக்கு மேல். இந்தக் கணக்கில் யார் யாரை அடையாளம் பிடிப்பது?

வந்த முதல் மாதத்திலேயே ஒரு விஷயம் அவனுக்கு விளங்கிவிட்டது. அவர்களுக்குக் கதைக்க ஒன்றுமில்லை. சாப்பாடு, குளிர், அவள் போகிற மொழிப் பள்ளிக்கூடத்து பஸ், இந்த மூன்றும் முடிய இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்தான். எதிரில் இருக்கிற ஆளுக்குக் கடிதம் எழுத முடியாதே. இப்படியே போனால் ஒரு வீட்டுக்குள் இரண்டு குடித்தனக்காரர் மாதிரி ஆகிவிடுவோம் என்று அவனுக்குப் பயம் வந்தது. சும்மா சொல்லுகிற பயமில்லை, வேலையில் நிற்கும்போதும் கூடவே நிற்கிற பயம்.

அவனிடம் கதைக்க இருந்தது ஒன்றே ஒன்று. அதை அவன் எடுத்துவிட்டான்.

“இஞ்சை வாரும், இதைப் பாரும்,” என்று குளியலறை மூலையில் இருந்த வாளியைக் காட்டினான். மூடியில் செருகியிருந்த வளைந்த குழாய்க்குள் தண்ணீர் இருந்தது. அதற்குள்ளால் நிமிடத்துக்கு ஒரு குமிழி ஏறிக்கொண்டிருந்தது. “ஈஸ்ட் வேலை செய்யுது. இனிப்பு முழுக்க முடிஞ்சாப் பிறகுதான் இது நிக்கும்.”

“ஓம்,” என்றாள் விமலராணி. “சவர்க்காரம் முடிஞ்சுது. நாளைக்கு வரேக்கை வாங்கிக்கொண்டு வாங்கோ.”

அவன் விடவில்லை. மோல்ட் என்கிற முளைத்த பார்லிப் பாகு காய்ச்சுகிற நாளில் அவளைக் குசினியில் நிற்கவைத்தான். பியருக்குக் கைப்பைக் கொடுக்கிற ஹொப்ஸ் பூவை உள்ளங்கையில் நசுக்கி மணக்கச் சொன்னான். அவள் மணந்தாள். “கைச்சல் மணம்,” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம், அவளுக்கென்றே இஞ்சி போட்டு, வெறி குறைவாக ஒரு வாளி செய்தான். அவள் அரைக் கிளாஸ் குடித்தாள், பரவாயில்லை என்றாள், கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்தப் பரவாயில்லைக்கு மேலே ஒரு சொல்லும் கீழே ஒரு சொல்லும் இல்லை.

பிரெடெரிசியாவில் இருந்த அவனுடைய சிநேகிதன் பாலேந்திராவின் மனைவி யசிந்தா, போத்தலைக் கண்டால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். ஒருநாள் நாலு போத்தலைத் தொட்டிக்குள் ஊற்றியும்விட்டாள். பாலேந்திரா டெலிபோனில் அதைச் சொல்லி அழாக்குறையாக முறைப்பட்டபோது குகநேசனுக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. சண்டை பிடிக்கிறதுக்கும் ஒரு அக்கறை வேண்டும். விமலராணி வாளியைச் சுற்றிக் கூட்டினாள், துடைத்தாள், அது அங்கே இருப்பதற்காக ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. சலவை இயந்திரத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் வாளிக்கும்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, வாளியிலிருந்து போத்தலுக்கு மாற்றவேண்டியிருந்தது. இந்த வேலையை அவன் இரண்டரை வருடமாகத் தனியாகத்தான் செய்து வந்தான். அன்றைக்கு மட்டும் அது தனியாக முடியாத வேலையாகிவிட்டது.

“ஒருக்கா இந்த டியூபைப் பிடியும். எனக்கு ரெண்டு கை காணாது.”

அவள் வந்தாள். வாளியை மேசையில் ஏற்றி, கீழே போத்தல்களை வரிசையாக வைத்து, ரப்பர் டியூபின் ஒரு நுனியை அவளிடம் கொடுத்தான். ஒரு போத்தல் நிரம்பியதும் டியூபை நசித்துப் பிடித்து, அடுத்ததற்குள் விட்டு, பிடியைத் தளர்த்தவேண்டும். ஒருதரம் காட்டியதும் பிடித்துக்கொண்டாள். ஒரு துளி சிந்தவில்லை. அவன் மூடி அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே வேலையில் முழங்கால் முட்ட இருந்தது அவள் வந்தபிறகு அதுதான் முதல் தடவை. அவனுக்குச் சந்தோஷத்தில் வாய் கட்டுக்கு நிற்கவில்லை.

“முதல் வாளி நான் வைச்சது எப்ப தெரியுமே? உமக்கு மனுக் குடுத்த அதே கிழமை. ஆவணி. பவுல் சொன்னான், வாளியிலை ரெண்டு கிழமை, போத்தலிலை நாலு, மொத்தம் ஆறு கிழமை, நாப்பத்திரண்டு நாள் எண்டு. நான் நினைச்சன், சரி, இது குடிக்கிற பதத்துக்கு வரேக்கை இவ வந்திடுவா, வந்த அண்டைக்கே உடைக்கலாம் எண்டு. நீர் வரேல்லை. ஆலையிலை பொடியங்களுக்குக் குடுத்திட்டு அடுத்த வாளி வைச்சன். அதுக்கும் ஆறு கிழமை. அப்பிடியே பதினேழு வாளி. ஒவ்வொண்டையும் மூடேக்கை எனக்கு நிச்சயமா இருக்கும், இந்தமுறை வந்திடுவா எண்டு. அண்டைக்கே இருந்து உமக்குக் கடிதமும் எழுதிப்போடுவன்.”

விமலராணி டியூபை நசித்தாள். கையிலிருந்த போத்தல் பாதிதான் நிரம்பியிருந்தது.

“ஆறு கிழமை எண்டு எழுதுவியள்.”

“ஓம்.”

“ஆறு கிழமையிலை எல்லாம் சரிவரும், ஆயத்தமா இரும் எண்டு.”

“ஓம். அப்பிடித்தான் எழுதினனான்.”

“அந்த ஆறு கிழமை கந்தோரிலை சொன்னதோ, இந்த வாளியின்ரை ஆறு கிழமையோ?”

பியரைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. ஐந்து மாதமாக இப்படி ஒன்றுக்காகத்தான் அவன் காத்திருந்தான். கந்தோர் சொன்னது என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி போதும். அவள் நம்பியிருப்பாள், பழியும் அந்த அச்சடித்த தாளுக்குப் போயிருக்கும். அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பொய் வரவில்லை.

“வாளியின்ரை,” என்றான்.

அவள் தலையாட்டினாள். பஸ் நேரம் சொல்லுகிற குரலிலேயே சொன்னாள்.

“முதல் கடிதம் கிடைச்சோடனை நான் பள்ளிக்கூடத்து வேலையை விட்டிட்டன். புரட்டாதிக் கடைசியிலை கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிலை லொட்ஜிலை நிண்டன். ஆறு கிழமைதானே எண்டு ரெண்டு சீலையோடை வந்தனான். ரெண்டு கிழமையாலை ஊரிலை சண்டை தொடங்கி, றோட்டும் பூட்டியாச்சு. அப்பா காத்திகை நாலாந் திகதி செத்தவர். எனக்குச் செய்தி வந்தது இருபத்தாறாந் திகதி.”

அப்பா செத்தது அவனுக்குத் தெரியும். அவள் கொழும்பில் நின்றதும் தெரியும். விசா அலுவலாக யாரோ சொல்லித்தான் அவள் வந்து நின்றிருப்பாள் என்று நினைத்திருந்தான். அந்த யாரோ தான்தான் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. துக்கம் விசாரித்து நீளமாகத்தான் எழுதினான். அந்தக் கடிதத்தின் கடைசியிலும் ஆறு கிழமை இருந்தது.

“றோட்டுத் திறந்தாப் பிறகு போயிருக்கலாமே,” என்றான். கேட்டுவிட்டு ஏன் கேட்டோம் என்று இருந்தது.

“வெளிக்கிடுவன். பெட்டி கட்டுவன். உங்கடை கடிதம் வரும். நான் அங்காலை போன நேரம் விசா வந்திட்டா? திரும்பவும் றோட்டைப் பூட்டிட்டா? பெட்டியை அவிட்டிடுவன். அம்மா வாவன், வாவன் எண்டு சொல்லியனுப்பினவ. அப்பாவின்ரை ஆண்டுத் திவசத்துக்கும் நான் போகேல்லை. ரெண்டு வருசம் அந்த லொட்ஜிலைதான். கந்தோர்க்காரருக்கே திகதி தெரியாது எண்டு எழுதியிருந்தா நான் அம்மாவோடை இருந்திருப்பன்.”

“எனக்கு ஏன் எழுதேல்லை, விமலா? நீர் வீட்டையும் போகாமல் இப்பிடி நிக்கிறீர் எண்டு.”

“எழுதினா இன்னொரு ஆறு கிழமை எழுதுவியள்.”

எழுதித்தான் இருப்பான். அவளை ஆறுதல்படுத்துகிறேன் என்று தன்னையே ஆறுதல்படுத்திக்கொண்ட கடிதங்கள் அவை. அவனுக்குக் கைக்கு வேலை இருந்தது, கழுவ வாளி இருந்தது, பகிர்ந்து குடிக்க ஆலையில் ஆட்கள் இருந்தார்கள். அவளுக்கு இருந்தது அவன் எழுதிய திகதி மட்டும். வெட்கத்தில் அவனுடைய காது சுட்டது. மன்னித்துக்கொள்ளும் என்று சொல்ல வாயெடுத்தான். இருபத்தாறாம் திகதி வந்த அந்தச் செய்திக்கு முன்னால் இந்தச் சொல் எந்த மூலைக்குக் காணும் என்று நினைத்து அடக்கிக்கொண்டான்.

“கொப்பருக்குக் கடைசியிலை என்ன வருத்தம் வந்தது?” என்று கேட்டான்.

விமலராணி அவனைப் பார்த்தாள். அவள் வந்து ஐந்து மாதத்தில் அவன் கேட்ட கேள்விகளை அவள் எண்ணிப் பார்ப்பதுபோல இருந்தது.

“சொல்லுறன்,” என்றாள். “முதல் ஒண்டு. இனிமேல் எனக்கு ஒரு திகதி சொன்னா, அது ஆர் சொன்ன திகதி எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ.”