ஒரு காதால் கேட்ட நாவல்

உட்கார் என்று சொன்னதும் உட்கார்ந்துவிட்டோமே என்பதுதான் லோகேஸ்வரிக்கு முதலில் எரிந்தது. சொன்னவர் மீது கோபம் வந்தது அதற்குப் பிறகுதான்.

மலேசியாவின் ரந்தா பட்டணத்தில் சௌந்தரவல்லியின் துணிக்கடைக்கு மேல்மாடியில் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை வாசகர் வட்டம் கூடும். ஆளுக்கொரு மாதம் பேச்சைத் தொடங்கிவைக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து அவள் முறை ஏதாவது சாக்கில் தள்ளிக்கொண்டே போய் இன்றுதான் வந்திருந்தது. காலையிலேயே சேலைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். இந்த மாதத்து நாவலைப் பற்றி நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாள்.

"மகளை கோலாலம்பூருக்கு அனுப்பறப்ப அந்த அம்மா அழுதுகிட்டே, 'பஸ் வந்துருச்சு, ஏறு'ன்னு சொல்றாங்க பாருங்க. அந்த எடத்துல எனக்கும் கண்ணு நெறைஞ்சிருச்சு."

"அழுவறாங்களா?" குணாளன் தன் புத்தகத்தைப் புரட்டினான். பேங்கில் வேலை செய்பவன், எதையும் சரிபார்த்துவிட வேண்டும் அவனுக்கு. "எனக்கு அப்படி ஞாபகம் இல்லையேக்கா. எந்தப் பக்கம்?"

"பக்கம் தெரியாது தம்பி. நான் போன்ல ஒலிப்புத்தகமா கேட்டேன்."

"நல்லவேளை இது படமா வரல. வந்திருந்தா பாத்துட்டு வந்து தொடங்கியிருப்பீங்கல்ல," என்றான் குணாளன்.

எல்லோரும் சிரித்தார்கள். வட்டத்தை நடத்தும் சௌந்தரவல்லி மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

"கேக்கறது வேற, வாசிக்கறது வேற லோகேசு. இது வாசகர் வட்டம். நீ உக்காரு. அடுத்த மாசம் புத்தகத்தப் படிச்சிட்டு வந்து தொடங்கு. குணா, நீ ஆரம்பி."

உட்கார்ந்துவிட்டாள். காதுமடல் சுட்டது.

எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுப் பண்ணையில் அவளுக்கு வேலை. பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பி, கன்று ஊன்றி, வரிசையாக அடுக்க வேண்டும். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ள, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அனுமதித்திருந்தார். இன்னொரு காது பின்னால் வரும் டிராக்டருக்கு. அந்த ஒற்றைக் காதுக்குள்தான் நாவல் முழுவதும் ஓடியது. அவள் பள்ளியின் இறுதி வகுப்பான ஐந்தாம் படிவம் வரை படித்தவள், எழுத்துக்கு அந்நியம் இல்லை. வேலை முடிந்து, சமைத்து, துவைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்தில் கண் செருகிக்கொள்ளும், அவ்வளவுதான். இதையெல்லாம் இங்கே சொன்னால் இரக்கப்படுவார்கள். இரக்கப்பட்டுவிட்டு மறுபடியும் உட்காரச் சொல்வார்கள்.

குணாளன் பேசிக்கொண்டிருந்தான். "நடுவுல அந்தத் திருவிழா ஒரே இழுவை. உண்மையச் சொல்றேன், நான் தாண்டிட்டேன்."

"நானும் மேலோட்டமாத்தான் பாத்தேன்," என்றார் சௌந்தரவல்லி.

இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்களைப் போலச் சிரித்துக்கொண்டார்கள். லோகேஸ்வரி பக்கத்தில் இருந்த குமுதவல்லியின் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பஸ் நிறுத்தக் காட்சியைத் தேடினாள். கிடைத்தது.

'பஸ் வந்துருச்சு, ஏறு' என்றாள் அம்மா.

அவ்வளவுதான். கண்ணீர் இல்லை, விம்மல் இல்லை. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். எங்கேயும் இல்லை.

அப்படியென்றால் அழுதது யார்? எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து நாவலை வாசித்துப் பதிவுசெய்தவள். இத்தனை நாளாக லோகேஸ்வரி அதை அம்மாவின் கண்ணீர் என்று நம்பி, மண் நிரப்பிக்கொண்டே தானும் அழுதிருக்கிறாள். யாரோ தன்னைக் கேட்காமல் தன் கையைப் பிடித்து எழுதவைத்தது போலிருந்தது. மறுபடி, குரல் இல்லாமல், மெதுவாகப் படித்தாள். இப்போது அந்த அம்மாவுக்கு அவசரம் இருந்தது. சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்ற கடுமைகூட இருந்தது. குரல் தனக்குக் காட்டாமல் விட்ட இன்னொருத்தி.

வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அதை ஒப்புக்கொண்டபோது கோபம் தணியும் என்று நினைத்தாள். கூடியது. எழுந்து நின்றாள்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. அந்த அம்மா அழல. வாசிச்ச பொண்ணுதான் அழுதிருக்கு."

"அதத்தானே நானும் சொன்னேன்?"

"நீங்க அதச் சொல்லல. உக்காருன்னு சொன்னீங்க. பேச விட்டிருந்தா இத எல்லாரும் சேந்து கண்டுபிடிச்சிருப்போம். தம்பி திருவிழாவையே தாண்டிட்டு வந்திருக்கு. தம்பிய யாரும் உக்காரச் சொல்லல."

"தாண்டினாலும் வாசிச்சேன்லாக்கா."

"நான் தாண்டல தம்பி. கை முழுக்க மண்ணு. போனத் தொட முடியாது. போரடிச்சாலும் கேட்டுத்தான் ஆவணும்."

"தண்டனை மாதிரில இருக்கு," என்றாள் குமுதவல்லி. யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"நீங்க கண்ணால படிச்சப்ப அந்த அம்மா எப்படிச் சொன்னாங்கக்கா? சொல்லிக் காட்டுங்க."

சௌந்தரவல்லி தயங்கினார். பிறகு, இதிலென்ன இருக்கிறது என்பது போல, "பஸ் வந்துருச்சு, ஏறு," என்றார். கீழே கடைப் பெண்களிடம் துணியை மடிக்கச் சொல்லும் அதே குரல்.

"ஐயே, இப்படியா?" குமுதவல்லி முகத்தைச் சுளித்தாள். "எனக்குக் கெஞ்சற மாதிரி இருந்துச்சு."

"கெஞ்சறதுக்கு அங்க என்ன இருக்கு?"

"அதட்டறதுக்கு மட்டும் என்ன இருக்காம்?"

"சரி, போதும்." சௌந்தரவல்லி கையை உயர்த்தினார். "ஆளாளுக்கு ஒண்ணு தோணும். அதுக்காக வட்டத்துக்குன்னு இருக்கற விதிய மாத்த முடியாது. உக்காரு லோகேசு. குணா பேசட்டும்."

"இன்னிக்கு என் முறைக்கா."

லோகேஸ்வரி உட்காரவில்லை. குணாளன் சௌந்தரவல்லியைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், தன் குறிப்புத்தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "பேசுங்கக்கா. நான் தாண்டினதையாவது தெரிஞ்சிக்கறேன்."

சௌந்தரவல்லி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே லோகேஸ்வரி திருவிழாவிலிருந்து ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.