சாரத்தில் நிற்பவர்களுக்கும் கேட்க

இன்ஸ்பெக்டர் மேசைமேல் வைத்த தின்னர் டப்பாவைப் பெயிண்டர் அக்கா உற்றுப் பார்த்தாள். எரிந்த வீட்டில் கிடைத்தது, பாதி கருகியிருந்தது.

"உன்னுதுதானே?"

"என்னுதுதான் சார். வேலை முடிஞ்சதும் ஸ்டோர்ல வெச்சுட்டுப் போயிடுவேன். பூட்டுறது சூப்பர்வைசர்."

கட்டி முடிக்கப்போகும் குடியிருப்பில் மூன்று வீடுகள் எரிந்துவிட்டன. எல்லாமே மதியம், ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில். யார்மேல் சந்தேகம் என்று கேட்டதும் சூப்பர்வைசர் யோசிக்கக்கூட இல்லை, அவளைக் கை காட்டினான். அவனுக்குப் பழைய கடுப்பு. வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் சுத்தியலை எடுத்து, முடிந்த வீடொன்றின் குளியலறைப் பூட்டை உடைத்துவிட்டாள்.

"பூட்ட உடைச்சவ தீ வைக்க மாட்டியா?"

"அவன் கண்ணு முன்னாலதான் உடைச்சேன். தீ வைக்கிறதா இருந்தாலும் அப்படித்தான் வெச்சிருப்பேன். ஒளிஞ்சு செய்யிற பழக்கம் எனக்கில்ல."

பேச்சு உறுதியாகத்தான் வந்தது. மேசைக்கு அடியில் நகத்தில் காய்ந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காலையில் அத்தனை பேர் பார்க்க ஜீப்பில் ஏற்றியபோது, அவளோடு வேலை செய்யும் நாத்தனார் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது யாராவது கேட்பார்கள். கையில் பட்ட பெயிண்டைத் தின்னர் போட்டு எடுத்துவிடலாம். வீடு கொளுத்தி என்ற பேரை எதைப் போட்டு எடுப்பது?

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார்.

"பூட்டியிருந்த வீட்டுக்குள்ளயா? இப்பவா?"

போனை வைத்தவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "நாலாவது வீடும் எரியுதாம். சரி, நீ கிளம்பு."

அவள் எழவில்லை.

"ஊரே பாக்கக் கூட்டிட்டு வந்தீங்க. இப்ப நான் மட்டும் தனியா நடந்து போனா, விட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்க. நான் செய்யலன்னு சொல்ல மாட்டாங்க. நீங்களே வந்து சொல்லுங்க சார்."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"அங்கதானே போறீங்க?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். பிறகு ஜீப்பின் முன்கதவைத் திறந்துவிட்டார்.

குடியிருப்பில் தீ அணைந்து புகை மட்டும் இருந்தது. சூப்பர்வைசர் ஓடிவந்தான். அவள் இறங்குவதைக் கண்டு பாதியில் நின்றான். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமி, "இவங்க மேல தப்பில்ல" என்று முனகினார்.

"சத்தமா சொல்லுங்க சார். மேல சாரத்துல நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. ஆனால் தலையை நிமிர்த்திச் சத்தமாகவே சொன்னார். சாரத்தில் கொத்தனார்களின் கரண்டிச் சத்தம் நின்றது. நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார்.

"இந்த வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

அவன் பதில் சொல்வதற்குள், எரிந்த வீட்டுக்குள்ளிருந்து கரி கலந்த தண்ணீர் படியிறங்கி வந்தது. அவன் துள்ளி ஒதுங்கினான். அவள் நகரவில்லை. கறுப்புத் தண்ணீர் இரு பாதங்களையும் சுற்றிக்கொண்டு, வெதுவெதுப்பாக, தெருப்பக்கம் ஓடியது.