வெள்ளை எடுக்காத படம்

"கேமராவைக் கழட்டினது யாரு?" என்று அவள் மூன்றாவது முறை கேட்டபோதுதான் கூடத்தில் நாற்காலி போடுகிற சத்தம் நின்றது.

உடல் பதினோரு மணிக்கு வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நேற்று மதியம் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. செய்தி வந்ததிலிருந்து அவள் ஒரு சொட்டு அழவில்லை. இப்போது, தொலைநோக்கி இருந்த பால்கனியின் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அண்ணி" என்றான் கொழுந்தன். "பால்கனியிலயும் நாலு பேர் நிக்கணுமே. பத்திரமா கழட்டி, கண்ணாடியெல்லாம் துடைச்சு, பெட்டியில வெச்சிருக்கேன். ஒரு கீறல் இல்ல."

"துடைச்சீங்களா?"

"ஒரே தூசி அண்ணி. இப்ப பளபளன்னு இருக்கு."

"உங்க கை விளங்காது!"

நாத்தனார் பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. "புருஷன் போனதுக்குக் கண்ணு கலங்கல. குழாயைக் கழட்டினதுக்கு இந்த ஆட்டம்."

"ஆமா, ஆடறேன். நீயும் வந்து தாளம் போடு" என்றுவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவை அறைந்தாள்.

பதினோரு இரவு. நிலவில்லாத நாளாகப் பார்த்து, அந்தப் பால்கனியிலிருந்து தொலைநோக்கியை ஒரே நெபுலாவின் மேல் நிறுத்தி, ஒன்று மூன்று நிமிடமாக நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்திருந்தார் மனுஷன். தனித்தனியாகப் பார்த்தால் கரிச்சட்டியின் அடி. அத்தனையையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அந்தச் சிவந்த வாயு மேகத்தை இருட்டிலிருந்து வெளியே இழுப்பது அவள் வேலை. பாக்கி இருந்தது ஒன்றுதான். தொலைநோக்கியின் வாயில் வெள்ளை பனியனைக் கட்டிப் பகல் வெளிச்சத்தில் இருபது வெற்றுப் படம். அவர்கள் அதை 'வெள்ளை' என்பார்கள். உள்ளே எந்தத் தூசி எங்கே ஒட்டியிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அதை வைத்துத்தான் தூசியின் நிழலைப் படத்திலிருந்து கழிக்க முடியும். அதுவரை கேமராவை அசைக்கக் கூடாது. தூசியைத் தொடவே கூடாது.

பத்து நிமிட வேலை. நேற்றுக் காலையே முடிந்திருக்க வேண்டியது.

"இப்பவே வெள்ளை எடுத்துட்டுப் போங்க" என்று நேற்று அவரிடம் சொன்னாள்.

"சாயங்காலம் எடுத்துக்கலாம், விடு. எங்க ஓடிடப் போகுது?"

"உங்களுக்கு எல்லாமே சாயங்காலம்தான்."

அவர் டிஃபன் டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். கோபத்திலா, மறந்தா என்று இனி யாரைக் கேட்பது?

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தாள். சிவப்பு மேகத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஏழு வளையங்கள், ஈரத் தம்ளர் வைத்து எடுத்த தடம் போல.

அவள் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவள். கல்யாணப் பெண்ணின் பருவையும் மாப்பிள்ளையின் தழும்பையும் நாளெல்லாம் அழிப்பவள். ஏழு வளையம் எம்மாத்திரம்? ஆனால் அவர் விட்டதில்லை. "இது முகமில்லம்மா. பக்கத்துல கிள்ளி இங்க ஒட்டினா, நிஜமா என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"வந்து தடுங்க, பாக்கலாம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். முதல் வளையம் ஒரே இழுப்பில் போனது. மேகம் சுத்தமாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். விளிம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு நட்சத்திரம் இருந்ததே? அழித்ததை மீட்டாள். இருந்தது. மறுபடி அழித்தாள். இல்லை. நாலைந்து தடவை அதையே செய்தாள். கடைசியில் மீட்டுவிட்டு மேசையை ஓங்கிக் குத்தினாள்.

"பாவி மனுஷா!"

கதவு திறந்தது. கொழுந்தன் அண்ணனின் சட்டையில் நின்றிருந்தான். கிளம்பின வேகத்தில் மாற்றுத்துணி எடுத்து வரவில்லை.

"அண்ணி, என்ன தப்புப் பண்ணேன்னாவது சொல்லுங்க. சத்தியமா தெரியல."

திரையைக் காட்டினாள். "இந்த ஏழும் நீங்க துடைச்ச தூசி."

அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். "திரும்ப ஒட்ட முடியாதா?"

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் கசந்தது. "முடியாது."

"அப்ப படம் வீணா?"

"வீண்தான்."

வளையங்களை அப்படியே விட்டுச் சேமித்தாள்.

கீழே வண்டி வந்து நின்றது. ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் நுழையவில்லை. அவரோடு வேலை பார்த்த மெக்கானிக்குகள் நான்கு பேர் படியிலேயே தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் காலடிகள் நின்றன. "தலைப்பக்கம் தூக்குடா. சுவத்துல இடிக்குது பாரு."

வாசலின் இரட்டைக் கதவில் ஒன்றுதான் திறந்திருந்தது. மற்றதன் மேல் தாழ்ப்பாளை ஃபிரிட்ஜ் வந்த நாளுக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. துருவேறி இறுகியிருந்தது. கொழுந்தன் கை நீட்டினான்.

"தள்ளுங்க" என்று அவள் முன்னால் வந்தாள்.

உள்ளங்கையால் அடித்தாள். அசையவில்லை. மறுபடி அடித்தாள். தூக்கி வருகிறவர்கள் மூச்சு வாங்கும் சத்தம் கடைசித் திருப்பத்துக்கு வந்துவிட்டது. அடித்துக்கொண்டே இருந்தாள். தாழ்ப்பாள் இறங்கியது. கதவைச் சுவரோடு சேரத் தள்ளி, அது திரும்பி வராதபடி முதுகைக் கொடுத்து நின்றாள்.