குதித்த முள்

மூன்று நாளாக அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் வருமே ஒரு சந்தேகம், அந்த மாதிரி. ஆனால் அடுப்பும் அணைந்திருந்தது, கதவும் பூட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரை எங்கே வைத்தோம் என்று மேஜை முழுக்கத் துழாவினால் அது கையிலேயே இருந்தது.

பழைய கார்களின் டேஷ்போர்டு மீட்டர்களைப் பழுது பார்ப்பதும் அவற்றுக்கு வயர் பண்ணுவதும் அவள் தொழில். பெட்ரோல் முள், ஆயில் முள், பாட்டரி முள், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள். ஐம்பது வருஷத்துக் காரில் இவற்றில் ஒன்று படுத்துக்கொண்டாலும் அவளிடம்தான் வருவார்கள். பட்டறைத் தெரு மொத்தத்துக்கும் அவள் மீட்டரக்கா. பக்கத்துப் பட்டறையில் கார் சீட் தைப்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. இரண்டு பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். நாத்தனாரின் வாய் அதைவிட வேகமாக ஓடும்.

மூன்று நாளுக்கு முன்னால் அவள் முடித்துக் கொடுத்தது ஓர் ஆய்வாளரின் கார். எடை அளவுத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர். பாலாடை நிறத்தில் நான்கு கதவு வண்டி. முந்தைய சொந்தக்காரன் மீட்டர்களைப் பிடுங்கி விற்றுவிட்டு வயர்களை வெட்டிவிட்டிருந்தான். டேஷ்போர்டில் நான்கு ஓட்டைகள், ஓட்டைக்குள் பதினான்கு வயர்கள். எல்லா வயரும் ஒரே அழுக்குப் பழுப்பு; எது சிவப்பாக இருந்தது, எது பச்சையாக இருந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆய்வாளர் பழைய இரும்புக் கடையில் தேடி நான்கு மீட்டர்களைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். நான்குக்கும் ஒரே முகம். கறுப்புத் தட்டு, வெள்ளை எழுத்து, ஆரஞ்சு முள். அக்கா இரண்டு நாள் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்தாள். ஒரு சின்ன பல்பும் இரண்டு துண்டு வயரும் வைத்துக்கொண்டு, எது பாட்டரியிலிருந்து வருகிறது, எது எர்த், எது பெட்ரோல் டாங்குக்குப் போகிறது, எது இன்ஜினில் இருக்கும் சூட்டு சென்சாருக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, காகிதத் துண்டில் எழுதிக் கட்டினாள். இன்ஜினில் சூட்டு சென்சாரே இல்லை. அந்த முகத்து மீட்டருக்கு எப்போதும் போடும் சென்சாரையே போட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாவியைத் திருப்பினாள். மூன்று முட்கள் தூக்கம் கலைந்து எழுவது போல மெல்ல ஏறின. பழைய மீட்டர் அப்படித்தான் ஏறும். சூடு காட்டும் முள் மட்டும் படக்கென்று ஒரு குதி குதித்து நின்றது.

அவள் அதைப் பார்த்தாள். என்ன இது என்று குனிந்தாள். இன்ஜினை ஓடவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன். மகள் படியில் விழுந்துவிட்டாள், தாடை கிழிந்திருக்கிறது, தையல் போட வேண்டும், உடனே வாருங்கள் என்றார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்ஜின் பத்து நிமிஷமாக ஓடிக்கொண்டிருந்தது, முள் நடுவில் போய் அழகாக நின்றிருந்தது. எல்லாக் காரிலும் முள் அங்கேதான் நிற்கும். பலகையை மூடி நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கி, ஆய்வாளரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, முள்ளை நம்பி ஓட்டலாம் சார் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மகளுக்கு நான்கு தையல். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அதற்கப்புறமும் மனசு ஏன் அடங்கவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை காலை வேறொரு காரின் மீட்டர் வந்தது. அதே கறுப்புத் தட்டு, அதே ஆரஞ்சு முள். மேஜையில் வைத்துப் பாட்டரி கொடுத்தாள். முள் படக்கென்று குதித்தது.

மீட்டரைத் திருப்பி, பின்பக்கத் துருவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். விளிம்பில் பொடி எண்கள் தெரிந்தன. கடைசி இரண்டு எண்கள் வேறு. முகம் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. மெல்ல ஏறுவது ஒரு ஜாதி, குதிப்பது இன்னொரு ஜாதி. குதிக்கிற ஜாதிக்கு வேறு சென்சார் வேண்டும். இத்தனை நாள் முகத்தைப் பார்த்தே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆய்வாளர் வண்டியில் போட்ட சென்சாருக்கு ஜோடி ஒன்று டப்பாவில் கிடந்தது. அதை இந்த மீட்டரோடு இணைத்து, கெட்டிலில் தண்ணீர் வைத்து அதற்குள் தொங்கவிட்டாள். தண்ணீர் சூடானது. முள் ஏறியது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. முள் நட்ட நடுவில், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. சிவப்புக் கோட்டுக்கு அது போகவே போகாது. இன்ஜின் வெந்து உருகினாலும் போகாது.

சனிக்கிழமை மலைமேல் இருக்கும் மச்சினி வீட்டுக்கு இந்த வண்டியில்தான் போகப் போகிறேன் என்று ஆய்வாளர் சொல்லியிருந்தார். போன் போட்டாள். கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். நான்காவது தடவை, தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"என்ன அண்ணி, காலைலேருந்து ஒரே நடையா நடக்கறீங்க? உங்க செருப்புச் சத்தத்துல எனக்குத் தையல் கோணுது."

அக்கா சொன்னாள். சீட் தைப்பவளுக்கு மீட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் காருக்குச் சீட் தைத்தது அவள்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாம போறதுக்குள்ள அவங்க மேல போயிட்டா?"

"போயிட்டா நல்லது. போக முடியாது. அதான் பயம்."

நாத்தனார் ஸ்கூட்டரை எடுத்தாள். அக்கா பின்னால் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தபடியே போனாள். ஊரைத் தாண்டும் வரை எல்லாச் சிக்னலும் சிவப்பு. நாத்தனார் வாய் ஓயாமல் பேசினாள். அவர் நிதானமாக ஓட்டுகிறவர், ஒன்றும் ஆகியிருக்காது என்றாள். அந்தப் பின்சீட்டுக்கு இரட்டைத் தையல் போட்டதைச் சொன்னாள். அண்ணி இப்படி இடுப்பைப் பிடித்து நெரித்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும் என்றாள். அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பாலாடை நிறம் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். மலைப் பாதை ஆரம்பித்ததும் போனில் சிக்னலும் போய்விட்டது.

ஒன்பதாவது வளைவில் வண்டி நின்றிருந்தது. பானெட் திறந்திருந்தது. முன்பக்கத்திலிருந்து இன்னும் மெல்லிசாக ஆவி வந்துகொண்டிருந்தது. சாலையோரக் கல்லில் ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். சட்டையின் வலது கையை முழங்கைக்கு மேலே வெட்டியிருந்தார்கள். மனைவி பிளாஸ்டிக் கேனிலிருந்து அவர் கைமேல் தண்ணீரை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை செக்கச் செவேலென்று இருந்தது. இரண்டு இடத்தில் தோல் எழும்பியிருந்தது.

நடந்ததை அந்த அம்மாதான் சொன்னார். ஆறாவது வளைவிலேயே அந்த அம்மாவுக்குத் தித்திப்பான ஒரு வாடை, ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும்போது வருகிற வாடை, வந்திருக்கிறது. வண்டியை நிறுத்துங்கள் என்றிருக்கிறார். ஆய்வாளர் டேஷ்போர்டைக் காட்டி, முள் நடுவில்தான் நிற்கிறது, வாடை வெளியிலிருந்து வருகிறது என்றிருக்கிறார். எட்டாவது வளைவிலும் அதே பேச்சு. ஒன்பதாவதில் வண்டி தானாகவே இழுக்க மறுத்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஆவி. முள்ளோ அப்போதும் நடுவில். சூடு இல்லை, குழாய்தான் எங்கேயோ கசிகிறது என்று முடிவு கட்டி, துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறார். கொதித்த தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது.

ஆய்வாளர் அக்காவைப் பார்த்ததும், வலியிலும், ஏதோ அவள் தற்செயலாக அந்தப் பக்கம் வந்த மாதிரி தலையசைத்தார்.

"உன் மேல தப்பு இல்லம்மா. மீட்டர் சரியாத்தான் காட்டுச்சு. நான்தான் அவசரப்பட்டுத் திறந்துட்டேன்."

நாத்தனார் அக்காவின் முழங்கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். சும்மா இரு என்று அதற்கு அர்த்தம். மனுஷனே தன் மேல் பழியைப் போட்டுக்கொள்கிறார், விட்டுவிட்டால் ஆஸ்பத்திரி, கட்டு, அதோடு போயிற்று. அக்காவுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் அது தங்கியது. கேனிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"மீட்டர் சரியாக் காட்டல சார்," என்றாள். "நான் தப்பான சென்சார் போட்டுட்டேன். தண்ணி கொதிச்சாலும் அது நடுவுலதான் நிக்கும். இன்னிக்குக் காலைலதான் கண்டுபிடிச்சேன். அதைச் சொல்லத்தான் ஓடி வந்தோம்."

மனைவி கேனைக் கீழே வைத்தார்.

"நாப்பது வருஷமா இவரு என் பேச்சைக் கேட்டதில்ல. அது பழகிப் போச்சு," என்றார். குரல் உயரவில்லை. "இன்னிக்கு நீ மாட்டுன முள்ளோட பேச்சைக் கேட்டாரு. அரை அடி தள்ளிப் பட்டிருந்தா ரெண்டு கண்ணும் போயிருக்கும். அப்ப என்ன சொல்லியிருப்ப?"

அக்கா மன்னிப்புக் கேட்டாள். அந்த வார்த்தை அவளுக்கே போதவில்லை.

அப்போதுதான் ஆய்வாளர் தலையைத் தூக்கினார். கேட்டது கடைக்குள் நுழைந்து தராசைத் தொட்ட அதிகாரியின் கேள்வி.

"இதே மாதிரி வேற எத்தனை வண்டில மாட்டியிருக்க?"

அவள் அதுவரை அதை நினைக்கவே இல்லை.

காய்கறி ஏற்றி மலையிறங்கிய வேன் ஒன்றை நாத்தனார் சாலை நடுவில் நின்று மறித்தாள். புருஷனும் பெண்டாட்டியும் அதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாத்தனார் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனாள். அக்கா வண்டிக்குக் காவல் நின்றாள். இழுவை வண்டி வருவதற்குள் அந்த மீட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அதைத் தூக்கிப் பள்ளத்தில் எறியத் தோன்றியது. எறியவில்லை.

அவளுடைய வேலை நோட்டின்படி, இரண்டு வருஷத்தில் அந்தக் கறுப்பு முகத்து மீட்டர் வேறு ஏழு வண்டிகளில் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையே கூப்பிட ஆரம்பித்தாள். ஒருவர், இப்போதைக்கு நன்றாகத்தானே ஓடுகிறது, நேரம் கிடைக்கும்போது கொண்டு வருகிறேன் என்றார்; அவர் வீட்டுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வாசலில் நின்றபடி சோதித்தாள். ஒருவர் திட்டினார். இன்னொருவர், தன் தப்பைத் தானே ஊரைக் கூட்டிச் சொல்கிற மெக்கானிக்கை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்துவிட்டு, அடுத்த மாதம் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். தெருவிலும் பேச்சுக் கிளம்பியது. மீட்டரக்கா மாட்டினால் கை வேகும் என்று எவனோ சொன்னதை நாத்தனார் கேட்டுவிட்டு, அவன் கடை வாசலில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தாள்.

ஆறு வண்டிகளில் நான்கு சரியாக இருந்தன. இரண்டில் முள் குதித்தது. மாற்றினாள்.

ஏழாவது ஒரு மஞ்சள் கார். சொந்தக்காரர் விற்றுவிட்டார். வாங்கியவர் அதை வேறொருவருக்கு விற்று, ஊரையும் மாற்றிக்கொண்டார். ஐந்து வாரம் அந்த மஞ்சள் கார் அவளை என்ன பாடு படுத்தியது. பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் நின்றாள். மகளின் தாடைத் தையலைப் பிரிக்கப் போன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சளாக எதுவோ போக, பிள்ளையின் கையை விட்டுவிட்டு ஓடினாள். அது ஐஸ் வண்டி. கணவன், எல்லாரையும் எச்சரித்தாயிற்றே, இனிமேல் உன்னால் என்ன செய்ய முடியும் என்று பொறுமையாகத்தான் கேட்டான். யாரோ முகம் தெரியாத ஒருவர் ஏதோ ஒரு மலை வளைவில் துண்டைச் சுற்றிக்கொண்டு குனிவது அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

இதற்கு நடுவில் ஒருநாள் ஆய்வாளர் வந்தார். கைக்கட்டு இன்னும் இருந்தது. வண்டியை வேறு யாரிடமும் கொடுக்கப் போவதில்லை என்றார். மனைவி சம்மதிக்கவில்லை என்றும், அந்த வண்டியில் இனி ஏறப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள் என்றும் சொன்னார். புது சென்சாரை அவர் கண்ணெதிரே சோதித்து மாட்டினாள். கிளம்பும்போது அவர் நின்றார்.

"என் சர்வீஸ்ல எத்தனையோ தப்பான தராசைப் பிடிச்சிருக்கேன். எவனும் தானா வந்து சொன்னதில்ல," என்றார். பிறகு, பாராட்டிவிட்டோமோ என்று பட்டது போல, "ஏழாவது கிடைச்சுதா?" என்றார்.

கிடைக்கவில்லை சார் என்றாள்.

அதற்கடுத்த வாரம் பெயின்ட் அடிக்கிறவர் ஒருவர் தகவல் கொண்டுவந்தார். நகரத்தின் மறுகோடியில், பூச்செடி விற்கும் ஒரு கடைக்கு முன்னால் அந்த மாதிரி ஒரு மஞ்சள் கார் நிற்கிறதாம். செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள். அதே கார்தான். குனிந்து நம்பர் பிளேட்டை இன்னொரு தடவை படித்தாள். கடைக்காரரிடம் ஐந்து நிமிஷம் டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவர் விசித்திரமாகப் பார்த்தார்.

"தாராளமாப் பாருங்கம்மா. ஆனா அதுல இன்ஜினே இல்லையே. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்து வித்தாச்சு. முன்னாடி பானெட்டுக்குள்ள ரோஜாத் தொட்டிதான் இருக்கு."

அக்கா பானெட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு தொட்டிகள் வரிசையாக இருந்தன. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆனாலும் கதவைத் திறந்து, உள்ளே மல்லாக்கப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீட்டரின் பின்பக்கத்தைத் துடைத்துக் கடைசி இரண்டு எண்களைப் படித்தாள்.

மெல்ல ஏறுகிற ஜாதி. சரியானதைத்தான் மாட்டியிருந்தாள்.

"என்னம்மா, எதாவது கிடைச்சுதா?" என்று வெளியிலிருந்து கேட்டார் கடைக்காரர்.

"கிடைச்சிருச்சுங்க," என்றாள். உடனே எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தாள்.